கடைசி ஊர் டோக்கியோ: கிராண்ட் தம்பதி நட்டுவிட்டுப் போன மரங்கள்

உலகம் சுற்றக் கிளம்புகிறவர்களுக்குக் கடைசி ஊர் என்பது எப்போதுமே கொஞ்சம் பாவப்பட்ட ஊர்தான். கையில் காசு கரைந்திருக்கும். பெட்டியில் இடம் இருக்காது. அத்தனை கோயில்களையும் அரண்மனைகளையும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இன்னொன்று என்றால் கொட்டாவிதான் வரும். மனசு பாதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

யுலிசிஸ் கிராண்ட், ஜூலியா தம்பதிக்கு அப்படி அமையவில்லை. 1879ஆம் ஆண்டு கோடையில் அவர்கள் டோக்கியோவுக்கு வந்து சேர்ந்தபோது, வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. லண்டன், பாரிஸ், ரோம், எகிப்து, ஜெருசலேம், பெர்லின், பம்பாய், ஆக்ரா, கல்கத்தா, சிங்கப்பூர், பாங்காக், ஷாங்காய், பீகிங் என்று பாதி பூமியை அளந்துவிட்டு வந்திருந்தார்கள். கடைசி ஊரில் சில நாள் தங்கிவிட்டுக் கப்பலேறுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். அவர்கள் ஜப்பானில் இருந்ததோ இரண்டு மாதங்களுக்கும் மேல்.

யார் இவர்கள்? கிராண்ட், அமெரிக்க உள்நாட்டுப் போரை வென்ற தளபதி. 1869 முதல் 1877 வரை இரண்டு முறை அமெரிக்க ஜனாதிபதி. ஜூலியா, மிசூரி மாநிலத்தில் அடிமைகளை வைத்திருந்த ஒரு பண்ணையாரின் மகள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையைத் தோற்கடித்தவருக்கு மனைவியாக வாய்த்தது அப்படி ஒரு குடும்பத்துப் பெண்!

ஜூலியாவுக்குச் சிறு வயது முதலே ஒரு கண்ணில் மாறுகண். அவருடைய பெரும்பாலான படங்கள் பக்கவாட்டில் எடுக்கப்பட்டிருப்பதற்கு அதுதான் காரணம். கணவர் பெரிய மனிதராகிவிட்டாரே, அறுவை சிகிச்சை செய்து சரிப்படுத்திக் கொள்ளலாமா என்று ஒரு முறை மருத்துவரிடம் யோசனை கேட்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் கிராண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்தக் கண்களைப் பார்த்துத்தான் தனக்குப் பிடித்துப்போனது என்பது அவருடைய பதில். ஜூலியாவே தன் நினைவுக் குறிப்புகளில் இதைப் பூரிப்போடு எழுதி வைத்திருக்கிறார்.

வெள்ளை மாளிகை வாழ்க்கை முடிந்து, வாஷிங்டனை விட்டு ரயில் கிளம்பியதும் ஜூலியா விம்மி விம்மி அழுதார். போக்கிடமில்லாத அநாதை போல ஆகிவிட்டோமே என்பது அவர் துக்கம். இதற்குத்தானா அழுகை, நானும் அப்படித்தானே என்கிற பாணியில் கணவர் தேற்றியிருக்கிறார். எட்டு வருடம் இருந்த இடத்துக்குப் பிறகு, எங்கே போவது என்று இருவருக்குமே தெரியவில்லை. பங்கு முதலீட்டில் கிடைத்த லாபப் பணம் இருந்தது. 1877 மே 17ஆம் தேதி பிலடெல்ஃபியாவில் கப்பலேறிவிட்டார்கள். வீடு இல்லாத குறைக்கு உலகத்தையே சுற்றுவது என்று முடிவெடுத்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

காலராவோடு போட்டி

1879 ஜூன் 21. நாகசாகியில் கப்பல் நங்கூரம் பாய்ச்சியது. அங்கே பழைய காலத்துப் பிரபுக்கள் பாணியில் ஒரு விருந்து. ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று பதார்த்தங்கள் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. கிராண்டின் நிலைமைதான் பாவம். இத்தனை போர்களைப் பார்த்த அந்த மனிதருக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாது. மாமிசம் என்றால் கருகும் வரை வெந்திருக்க வேண்டும். பச்சை மீன் தேசத்தில் அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கியோட்டோ போவதாக ஏற்பாடு. ஆனால், ஜப்பானில் அந்த வருடம் காலரா தாண்டவமாடியது. ஒரே ஆண்டில் 1 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். நோய் பரவியிருந்த பகுதிகளில் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உலகம் சுற்றிய தம்பதிக்குக் கியோட்டோ கிடைக்காமல் போயிற்று.

அதே சமயத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால்தான் அன்றைய ஜப்பானின் மனநிலை புரியும். நோய் பரவிய துறைமுகத்திலிருந்து வரும் கப்பல்கள் சில நாட்கள் தனித்து நிற்க வேண்டும் என்று ஜப்பான் அரசு உத்தரவு போட்டது. ‘ஹெஸ்பேரியா’ என்ற ஜெர்மன் கப்பல் அதை மீறி, தன் நாட்டுப் போர்க்கப்பலின் துணையோடு யோகஹாமா துறைமுகத்துக்குள் வந்து நின்றது. ஜப்பானால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காரணம், மேலை நாடுகளோடு 1850களில் போட்ட ஒப்பந்தங்கள். வெளிநாட்டவர் ஜப்பானில் குற்றம் செய்தால்கூட ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இறக்குமதிப் பொருளுக்கு வரி எவ்வளவு என்பதைச் சொந்த நாடே தீர்மானிக்க முடியாது. அந்த ஒப்பந்தங்களை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று ஜப்பான் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், மேலை உலகத்தின் பெரிய மனிதர் ஒருவர் மனைவியோடு வாசலில் வந்து நிற்கிறார். விட்டுவிடுவார்களா?

ஜூலை 3ஆம் தேதி யோகஹாமாவில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் டோக்கியோவின் ஷிம்பாஷி நிலையத்துக்கு வந்தார்கள். ஜப்பானின் முதல் ரயில் பாதை அது. 1872இல் திறந்தது. அந்தப் பழைய நிலையம் இன்று இல்லை. அது இருந்த அதே இடத்தில், ஷியோதோமே வானளாவிகளின் காலடியில், பழைய தோற்றத்திலேயே ஒரு கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் தம்பதி தங்கிய இடம், ஹமா-ரிக்யூ தோட்டம்.

மறுநாள் ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். பேரரசர் மெய்ஜியைப் பார்க்க அரண்மனைக்குப் போனார்கள். பேரரசருக்கு வயது 26. கிராண்டுக்கு 57. மெய்ஜி எழுந்து வந்து கிராண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்போது படித்தால் இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால், சில வருடங்களுக்கு முன்புவரை ஜப்பானின் பேரரசரைச் சாதாரண மக்கள் கண்ணால் பார்ப்பதுகூட நடக்காத காரியம். கூட வந்திருந்த ‘நியூயார்க் ஹெரால்டு’ நிருபர் ஜான் ரஸ்ஸல் யங், அதுவரை எந்தப் பேரரசரும் செய்யாத செயல் என்று அதை வியந்து எழுதினார்.

தேநீர்க் குடிலில் இரண்டு மணி நேரம்

ஹமா-ரிக்யூவுக்கு நீங்கள் போக வேண்டும் என்றால், அசாகுசாவிலிருந்து சுமிதா ஆற்றில் படகு ஏறிப் போவதுதான் அழகு. படகு நேராகத் தோட்டத்தின் வாசலிலேயே இறக்கிவிடும். ஒரு பக்கம் டோக்கியோ விரிகுடா. மூன்று பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் பச்சைப் பசேல் என்று ஒரு பழைய தோட்டம். உள்ளே இருக்கும் குளம் கடல் நீரால் ஆனது. மதகுகள் வழியாக, கடல் ஏறினால் குளமும் ஏறும். கடல் வடிந்தால் குளமும் வடியும். காலையில் பார்த்த குளத்தை மாலையில் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். ஷோகன்கள் வாத்து வேட்டை ஆடிய இடம் இது. 300 வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு கறுப்புப் பைன் மரம், கிளைகளைத் தரையோடு பரப்பிக்கொண்டு வாசலருகே படுத்திருக்கிறது. முட்டுக்கொடுத்துத் தாங்கி வைத்திருக்கிறார்கள்.

கிராண்ட் தம்பதிக்காக ஒதுக்கப்பட்ட ‘என்ரியோகான்’ மாளிகை இந்தத் தோட்டத்துக்குள் இருந்தது. வெளிநாட்டு விருந்தினருக்கென்று மேலைப் பாணியில் அமைந்த கல் கட்டடம். 1889இல் இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது குளத்தின் நடுவே உள்ள நகாஜிமா தேநீர்க் குடில்தான். அதுவும் அசல் இல்லை. 1707இல் கட்டிய குடில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எரிந்துபோய், 1983இல் பழையபடியே கட்டியது. நீண்ட மரப்பாலத்தில் நடந்து போய், செருப்பைக் கழற்றிவிட்டு, பாய் விரித்த தரையில் உட்கார்ந்தால், கிண்ணத்தில் பச்சைத் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் கொண்டுவந்து வைக்கிறார்கள். இனிப்பை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். தேநீர் நல்ல கசப்பு.

1879 ஆகஸ்ட் 10ஆம் தேதி, இந்தக் குடிலுக்குப் பேரரசர் மெய்ஜியே வந்தார். விருந்தினரை அரண்மனைக்கு அழைக்காமல், விருந்தினர் இருக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்து பேசினார். சுமார் இரண்டு மணி நேரம்.

மெய்ஜி கேட்டார், கிராண்ட் சொன்னார் என்பதுதான் பேச்சின் போக்கு. வெளிநாட்டில் கடன் வாங்காதீர்கள் என்றார் கிராண்ட். எகிப்தும் துருக்கியும் கடனில் சிக்கிய கதையை அவர் அந்த ஊர்களுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நாடாளுமன்றம் வர வேண்டியதுதான். ஆனால் நிதானமாகக் கொண்டு வாருங்கள், ஏனென்றால் மக்களுக்கு ஒரு முறை கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்க முடியாது என்றார். மக்களாட்சி நாட்டின் முன்னாள் ஜனாதிபதி சொல்கிற யோசனையா இது என்று இன்று படிக்கும்போது நெருடத்தான் செய்கிறது. ஜப்பானில் தேர்தல் வேண்டும் என்று அப்போது குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பிடித்திருக்க வாய்ப்பில்லை. அரசாங்கத்துக்குப் பிடித்திருக்கும். அரசியல் சட்டம் 1889இல் வந்தது, நாடாளுமன்றம் 1890இல் கூடியது.

ஆனால், அன்றைய பேச்சின் உயிர்நாடி ஒரு தீவுக்கூட்டம். ரியூக்யூ தீவுகள். இன்று ஒக்கினாவா என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே தனி அரசர் இருந்தார். சீனாவுக்கும் கப்பம் கட்டினார், ஜப்பானுக்கும் கட்டுப்பட்டிருந்தார். இரண்டு பெரிய வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வீடு. 1879 வசந்த காலத்தில் ஜப்பான் அந்த அரசரை இறக்கிவிட்டுத் தீவுகளைத் தன் மாகாணமாக அறிவித்துவிட்டது. சீனா கொதித்தது. கிராண்ட் சீனாவில் இருந்தபோது இளவரசர் கோங்கும், தியான்ஜினில் பெரும் அதிகாரி லி ஹோங்சாங்கும் அவரிடம் இதைச் சொல்லி, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஊர் சுற்றப் பார்க்க வந்தவர், தூது போகிறவராக டோக்கியோவுக்கு வந்து சேர்ந்ததற்கு இதுதான் பின்னணி.

ஜூலையில் நிக்கோ மலைக்குப் போயிருந்தபோதே, இட்டோ ஹிரோபுமி, சாய்கோ த்சுகுமிச்சி ஆகிய அமைச்சர்களோடு இது பற்றி அவர் பேசிவிட்டார். இப்போது பேரரசரிடம் நேராகச் சொன்னார்: நீங்களும் சீனாவும் சண்டை போட்டால் லாபம் உங்கள் இருவருக்கும் கிடையாது, வேடிக்கை பார்க்கிற ஐரோப்பிய நாடுகளுக்குத்தான். மூன்றாம் ஆளைக் கூப்பிடாதீர்கள். நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

லட்சக்கணக்கானோர் மாண்ட ஒரு போரை நடத்தியவர் சொல்கிற சொல் அது. கேட்டவர்களுக்கும் போர் புதிதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்புதான் சாத்சுமா கலகத்தில் ஜப்பானியர்களே ஜப்பானியர்களைக் கொன்றிருந்தார்கள். கலகக்காரர்களுக்குத் தலைமை தாங்கி மடிந்தவர் சாய்கோ தகமோரி. நிக்கோவில் கிராண்டோடு உட்கார்ந்து பேசிய அமைச்சர், அதே தகமோரியின் சொந்தத் தம்பி. அரசாங்கத்தின் பக்கம் நின்றவர்.

ஏறாத பாலம், அழியாத நாடகம்

நிக்கோ என்றதும் ஜப்பானியர்கள் இன்றும் சொல்லும் ஒரு கதை உண்டு. அங்கே ஆற்றின் குறுக்கே ‘ஷின்க்யோ’ என்ற சிவப்புப் பாலம் இருக்கிறது. புனிதமான பாலம், ஷோகனும் பேரரசரின் தூதர்களும் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. கிராண்டுக்காகத் திறந்து விட்டார்கள். அவர் மரியாதையாக மறுத்து, பக்கத்தில் இருந்த சாதாரணப் பாலத்தில் நடந்து போனார். துறைமுகத்துக்குள் தன் இஷ்டத்துக்கு நுழைந்த ஜெர்மன் கப்பலையும், திறந்துவிட்ட பாலத்தில் ஏறாத இந்த மனிதரையும் ஒரே மாதத்தில் பார்த்தவர்கள் எதை மறப்பார்கள், எதை நினைவில் வைப்பார்கள்? இன்று நீங்கள் நிக்கோ போனால், கட்டணம் கட்டிவிட்டு அந்தப் பாலத்தில் ஏறலாம்.

டோக்கியோவில் அவர்களுக்குக் காட்டிய கலை நிகழ்ச்சிகளுக்குக் கணக்கில்லை. ஷின்தோமி-ஸா என்ற அரங்கில் கபுகி நாடகம். நடனமாடிய பெண்கள் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்களும் பட்டைகளும் போட்ட கிமோனோ அணிந்து வந்தார்கள். கிராண்டுக்குச் சங்கீத ஞானம் துளியும் கிடையாது. அவருக்குத் தெரிந்தது இரண்டே பாட்டு, ஒன்று ‘யாங்கி டூடுல்’, மற்றது அது இல்லாதது என்று அமெரிக்காவில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவரைத்தான் இவாகுரா தொமொமி தன் வீட்டுக்கு அழைத்து நோ நாடகம் பார்க்க வைத்தார். இவாகுரா பழைய அறிமுகம். 1872இல் ஜப்பானியத் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போனபோது, வெள்ளை மாளிகையில் வரவேற்றவர் கிராண்ட். இப்போது திருப்பி உபசரிக்கிற முறை. நோ நாடகம் அந்தச் சமயத்தில் நொடித்துக் கிடந்தது. ஷோகன்கள் ஆதரித்த கலை. ஷோகன் ஆட்சி போனதும் கலைஞர்களுக்குச் சோற்றுக்கு வழியில்லை. முகமூடி போட்டு மிக மெதுவாக நகரும் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதை அழியவிடாதீர்கள் என்று கிராண்ட் சொன்னார். வெளியூர்க்காரர் ஒருவர் சொன்னால்தான் நம் வீட்டுப் பொருளின் அருமை தெரியும் போலிருக்கிறது. இவாகுரா தீவிரமானார். 1881இல் நோ கலைக்கென்று ஒரு சங்கமே உருவானது. இன்றும் டோக்கியோவில் நோ அரங்குகள் நிறைகின்றன.

இத்தனை விழாக்களுக்கும் நடுவில் ஒரு நாளை மட்டும் ஜூலியாவுக்கென்று எடுத்து வைக்க வேண்டும். ஆகஸ்ட் 22. 1848இல் அதே தேதியில்தான் அவர்களுக்குக் கல்யாணம். ஜப்பானில் இருந்தபோது 31 வருடங்கள் நிறைந்தன. அடுத்த மூன்றாம் நாள், டோக்கியோ மக்கள் சார்பில் உயெனோ பூங்காவில் பெருவிழா.

ஒரு சைப்ரஸ், ஒரு மக்னோலியா

உயெனோவை வெறும் பூங்கா என்று நினைத்துவிடக் கூடாது. 1868இல் ஷோகனின் கடைசி ஆதரவாளர்கள் இங்கேதான் புதிய அரசின் படையோடு மோதித் தோற்றார்கள். கான்-ஏ-ஜி என்ற மாபெரும் கோயிலின் பெரும்பகுதி எரிந்துபோனது. 1873இல் அந்த நிலத்தைப் பொதுப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆறு வருடம் கழித்து, 1879 ஆகஸ்ட் 25 அன்று, பேரரசரும் கிராண்டும் அங்கே வந்து வாள் வீச்சும் குதிரை மீதிருந்து அம்பெய்யும் வித்தையும் பார்த்தார்கள். வரவேற்புக் குழுவில் முன்னின்றவர்களில் ஒருவர் ஷிபுசாவா எய்ச்சி. வங்கிகளும் கம்பெனிகளும் தொடங்கி, ஜப்பானிய முதலாளித்துவத்தின் தந்தை என்று பேரெடுத்தவர். உங்களுக்கு ஜப்பான் போகும் யோகம் இருந்தால் அவரைத் தினமும் பார்ப்பீர்கள். 2024 ஜூலை முதல் புழக்கத்துக்கு வந்த 10,000 யென் நோட்டில் இருப்பது அவர் முகம்தான்.

அந்த நாளின் நினைவாக ஆளுக்கொரு மரம் நட்டார்கள். கிராண்ட் நட்டது லாசன் சைப்ரஸ். ஜூலியா நட்டது மக்னோலியா.

இரண்டுமே அமெரிக்க மரங்கள். லாசன் சைப்ரஸின் தாய்வீடு கலிபோர்னியாவின் வடமேற்கும் ஓரிகானின் தென்மேற்கும். அதே வடமேற்குக் கலிபோர்னியாவில் உள்ள ஹம்போல்ட் கோட்டையில்தான் கிராண்ட் தன் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களைக் கழித்தார். 1854இல் அவர் இளம் ராணுவ அதிகாரி. மனைவியும் இரண்டு குழந்தைகளும் கண்டத்தின் மறுபக்கம். இரண்டாவது குழந்தையை அவர் பார்த்ததுகூட இல்லை. அழைத்துக்கொள்ளச் சம்பளம் போதாது. கடிதம் வந்து சேரப் பல வாரம் ஆகும். தனிமை தாங்காமல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஜூலியாவிடம் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு முடிந்தபோதெல்லாம் மனைவியைப் பிரியாமல் பார்த்துக்கொண்டார். போர்க்களத்துக்கு அருகிலேயே ஜூலியா வந்து தங்கியதும் உண்டு. மக்னோலியாவோ அமெரிக்கத் தெற்கின் மரம், அடிமைப் பண்ணைகள் நிறைந்த அந்த மண்ணின் அடையாளம். வடக்கு எது தெற்கு எது என்று தெரியாத டோக்கியோ மண்ணில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள்.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. உயெனோ விலங்குக்காட்சிச்சாலையை நோக்கிப் போகும் வழியில், குதிரை மேல் அமர்ந்த கொமாட்சு இளவரசரின் சிலை இருக்கும். அதன் அருகே மரங்களும், சுமார் 50 வருடங்கள் கழித்து வைத்த நினைவுக் கல்லும். பெரும்பாலானவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குழந்தைகள் விலங்குகளைப் பார்க்கும் அவசரத்தில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். கோடைத் தொடக்கத்தில் போனால் மக்னோலியா பூத்திருக்கும் காலம். கை அகலத்துக்கு வெள்ளைப் பூ. ஜூலை, ஆகஸ்டில் போனால் பக்கத்தில் உள்ள ஷினோபாஸு குளம் முழுக்கத் தாமரை. ஆனால், வெயிலும் புழுக்கமும் சேர்ந்து சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். சிள்வண்டுகளின் இரைச்சல் காதைப் பிளக்கும்.

இன்னொரு மரம் டோக்கியோ கோபுரத்தின் அடிவாரத்தில், ஜோஜோஜி கோயிலில் இருக்கிறது. 1622இல் கட்டிய பெரிய சிவப்பு வாசலைத் தாண்டி உள்ளே போனதும் தெரியும். ‘கிராண்ட் பைன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது பைன் அல்ல, இமயமலைத் தேவதாரு. அமெரிக்க மனிதர் ஒருவர் ஜப்பானியக் கோயிலில் நட்டது நம் ஊர் மலை மரம். அதே வளாகத்தில், 1982இல் துணை ஜனாதிபதியாக வந்த ஜார்ஜ் புஷ் நட்ட மரமும் உண்டு.

1879 செப்டம்பர் 3ஆம் தேதி யோகஹாமாவில் கப்பலேறினார்கள். கப்பலின் பெயர் ‘சிட்டி ஆஃப் டோக்கியோ’. கடைசி ஊர் கடல் வரைக்கும் கூடவே வந்தது.

செப்டம்பர் 20இல் சான்ஃபிரான்சிஸ்கோ. ஊரே திரண்டு வரவேற்றது. அரசியல் நண்பர்களுக்கு மட்டும் ஒரு வருத்தம். 1880 ஜனாதிபதி தேர்தலில் அவரை மூன்றாவது முறையாக நிறுத்த நினைத்தவர்கள், இன்னும் சில மாதம் கழித்து வந்திருக்கலாமே என்றார்கள். வரவேற்பின் சூடு தேர்தல் வரை நிற்கவில்லை. 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு கட்சி கார்ஃபீல்டைத் தேர்ந்தெடுத்தது. 1884இல் கிராண்ட் பங்குதாரராக இருந்த நிதி நிறுவனம், இன்னொரு பங்குதாரரின் மோசடியால் திவாலானது. கடனுக்காக வாள்களையும், உலகம் சுற்றியபோது கிடைத்த பரிசுப் பொருட்களையும்கூடக் கொடுக்க வேண்டி வந்தது. பிறகு தொண்டையில் புற்றுநோய். ஜூலியாவை ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று வலியோடு உட்கார்ந்து தன் வரலாற்றை எழுதி முடித்தார். சில நாட்களில், 1885 ஜூலை 23இல் இறந்தார். மார்க் ட்வைனின் பதிப்பகம் வெளியிட்ட அந்தப் புத்தகம் ஜூலியாவுக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. ஜூலியாவும் எழுதினார். அமெரிக்க ஜனாதிபதிகளின் மனைவிகளில் முதன்முதலில் நினைவுக் குறிப்பு எழுதியவர் அவர்தான். ஆனால், அது அச்சில் வந்தது 1975இல், அவர் இறந்து 73 வருடங்கள் கழித்து.

தூது போன காரியம் என்ன ஆயிற்று? கிராண்ட் சொன்னபடி ஜப்பானும் சீனாவும் உட்கார்ந்து பேசின. தெற்கே உள்ள மியாகோ, யயேயாமா தீவுகளைச் சீனாவுக்கு விட்டுக்கொடுக்கவும், பதிலுக்கு வணிகச் சலுகைகள் பெறவும் 1880இல் ஜப்பான் முன்வந்தது. சீனா கடைசி நேரத்தில் கையெழுத்துப் போடவில்லை. தீவுகள் முழுவதும் ஜப்பானிடமே தங்கிவிட்டன. போர் 1879இல் வரவில்லை. 1894இல் வந்தது. அதுவும் வேறொரு தகராறில், கொரியாவை வைத்து. அன்றைய ஜப்பானியப் பிரதமர், நிக்கோவில் கிராண்டோடு பேசிய அதே இட்டோ. தோற்ற சீனாவுக்காகச் சமாதானம் பேச ஜப்பானுக்கு வந்தவர், தியான்ஜினில் கிராண்டைத் தூது அனுப்பிய அதே லி ஹோங்சாங்.

அந்த லி 1896இல் அமெரிக்கா போனபோது, மறக்காமல் நியூயார்க்கில் கிராண்டின் சமாதிக்குப் போய் மரியாதை செலுத்தினார். அடுத்த ஆண்டு அவர் சார்பில் அங்கே ஒரு கிங்கோ மரம் நடப்பட்டது. கிராண்டும் ஜூலியாவும் அடுத்தடுத்த கல்பெட்டிகளில் படுத்திருக்கும் அந்தக் கட்டடத்தின் பின்புறம், வேலி போட்டு, சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகையோடு அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

டோக்கியோவில் இருப்பதைப் பார்க்க ஒரே நாள் போதும். காலையில் உயெனோ. அங்கிருந்து அசாகுசா போய்ப் படகில் ஹமா-ரிக்யூ; நுழைவுக் கட்டணம் 300 யென்தான். தேநீர் குடித்துவிட்டு மாலையில் ஜோஜோஜி. இருட்டும் நேரத்தில் தேவதாருவின் கிளைகளுக்குப் பின்னால் டோக்கியோ கோபுரத்தில் விளக்கு எரியத் தொடங்கும்.